ஐம்பது வயது ஸ்பீக்கரை நம்பி வாங்கலாமா?

கேள்வி இதுதான்: குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக், ஏஆர்-3ஏ, பிபிசியின் எல்எஸ்3/5ஏ, ஜேபிஎல் எல்100, யமஹா என்எஸ்-1000எம் என்று அரை நூற்றாண்டுப் பழைய பெயர்களைச் சொல்லி ஆடியோ பிரியர்கள் உருகுகிறார்களே, அதில் சரக்கு இருக்கிறதா, வெறும் பழைய நினைப்பா? ஒரு ஜோடி கைக்கு எட்டினால் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கிய பிறகு எதைச் சரிசெய்வது?

சரக்கு இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. இன்று விற்பனைக்கு வரும் ஜோடி, அந்தப் பெயரைச் சம்பாதித்த காலத்தில் ஒலித்ததுபோல இப்போது ஒலிப்பது அபூர்வம். ஸ்பீக்கரில் சில பாகங்களுக்கு வயதே ஆவதில்லை: காந்தம், செம்புச் சுருள், வார்ப்புச் சட்டம், நல்ல பிளைவுட். வேறு சில பாகங்கள் யாரும் தொடாமலே கெடும்: ஆடி ஒலி எழுப்பும் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு, எலெக்ட்ரோலிட்டிக் கேபாசிட்டர், உயர்சுரம் தரும் ட்வீட்டருக்குள் ஊற்றிய ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம், பின்பக்கத் திருகு கன்ட்ரோல்களின் தொடுமுனை, காற்று கசியாமல் அடைத்த புட்டிப் பசை. இவை கெட்டுக் கிடக்கும் நிலையில் கேட்டுவிட்டு ‘ஆகா, அந்தக்கால இதம்’ என்பவர்களும் உண்டு, ‘இதற்கா இத்தனை பேச்சு’ என்பவர்களும் உண்டு. இருவரும் கேட்டது பழுதைத்தான். ட்வீட்டருக்கு முன்னால் உள்ள கேபாசிட்டர் காய்ந்து அதன் உள்தடை ஏறினால் ட்ரெபிள் (உயர்சுரம்) அமுங்கும். அந்த அமுக்கத்துக்குப் பலர் வைத்திருக்கும் பெயர்தான் இதம். முதலில் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள், தீர்ப்பு அதற்குப் பிறகு.

அப்படிச் சீரமைத்த பிறகும் பழையவற்றில் நிஜமான வித்தியாசம் இரண்டு இருக்கும். இரண்டுக்கும் காரணம் இயற்பியல்தான்.

ஒன்று, உணர்திறன்: குறிப்பிட்ட வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பால் கிளிப்ஷ் 1946-இல் தொடங்கிய நிறுவனத்தின் கிளிப்ஷ்ஹார்ன், 1 வாட்டுக்கு 1 மீட்டரில் சுமார் 104 டெசிபல் தருவது. எல்எஸ்3/5ஏ-வுக்கு அதே கணக்கு 82.5 டெசிபல் அளவில் நிற்கும். 21.5 டெசிபல் இடைவெளி என்றால் அதே சத்தத்துக்கு 140 மடங்கு வாட் வேண்டும். 15 வாட் வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்பதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் பெரிய பெட்டி, பெரிய கோன், புனல்போல விரியும் ஹார்ன் என்று போனார்கள். அதன் பலனாகக் கோன் கொஞ்சமே அசைந்து நிறைய ஒலி வந்தது, சுருள் சூடாகவில்லை, திடீர் தாளவாத்திய அடி அமுங்காமல் வந்தது.

இரண்டாவது, முகப்பலகையின் அகலம். ஸ்பீக்கர் பெட்டியின் முகப்பை விட ஒலியின் அலைநீளம் பெரிதாகும்போது ஒலி முன்னால் மட்டும் போகாமல் பின்பக்கமும் சுற்றிப் போகும்; முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு 6 டெசிபல் வரை குறையும். இது நிகழும் இடத்தைத் தோராயமாக, 115-ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். 20 செ.மீ. அகலமுள்ள இன்றைய ஒல்லிப் பெட்டிக்கு 575 ஹெர்ட்ஸ், 60 செ.மீ. முகப்புக்கு 190 ஹெர்ட்ஸ். முதலாவது மனிதக் குரலின் நடுவில் விழுகிறது, இரண்டாவது அதன் அடியில். ஒல்லிப் பெட்டியில் இதைக் கிராஸ்ஓவரில் (ஒலியைத் தாழ்சுரம், உயர்சுரம் எனப் பிரித்தனுப்பும் சுற்று) சரிக்கட்டத்தான் வேண்டும். அதற்கான விலை உணர்திறன். ‘பழைய பெரிய பெட்டியில் குரலுக்கு உடம்பு இருக்கிறது’ என்று சொல்பவர் இதைத்தான் கேட்டிருக்கிறார், கற்பனை செய்யவில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். ஓட்டை வைத்த பெட்டியை அளவுகளிலிருந்து கணக்கிட்டுக் கட்டும் முறையை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் எழுதினார். அது அமெரிக்க ஆடியோ பொறியியல் சங்க இதழில் 1971-இல் மறுபடி வந்த பிறகு, ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்த பிறகுதான் உலகம் பின்பற்றியது. அதற்கு முந்தைய ஓட்டைப் பெட்டிகளில் (பாஸ்-ரிஃப்ளெக்ஸ்) பல, கேட்டுக் கேட்டுத் திருத்திய உத்தேசக் கட்டுமானம். பாஸ் (தாழ்சுரம்) ஒரே சுரத்தில் உறுமும். பக்கவாட்டில் ஒலி எப்படிப் பரவுகிறது என்பதையும் அப்போது பெரும்பாலோர் கவனிக்கவில்லை. கண் செய்யும் வேலை தனி. ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட சோதனையில், எது ஒலிக்கிறது என்று தெரிந்து கேட்டபோதும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோதும் அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களுக்கு வேறு வேறு மதிப்பெண் போட்டார்கள். வால்நட் மரமும் பழைய பித்தளைப் பெயர்த்தகடும் காதுக்குள் புகுந்து வேலை செய்யும். அதை ரசிப்பதில் தப்பில்லை. அதற்குத் தனியாக எவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

இனி ஒவ்வொன்றாக.

இந்தக் கூட்டத்தில் பழசானாலும் இன்றைக்கும் மாற்று சொல்ல முடியாத ஒன்று குவாட் இஎஸ்எல். இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து 1985 வரை செய்தது. கோன் இல்லை, பெட்டி இல்லை. மின்னேற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் இரண்டு துளைத்தகடுகளுக்கு நடுவே ஆடும். இரு ஓரங்களிலும் பாஸ் பேனல், நடுவில் ட்ரெபிள் பேனல். பாஸ் படலத்துக்கு 6,000 வோல்ட், ட்ரெபிளுக்கு 1,500 வோல்ட். ஆடும் பொருளின் எடை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால் குரலும் தந்தி வாத்தியமும் வரும் தெளிவுக்கு இன்றும் ஈடு சொல்வது கஷ்டம். பாஸ் 45 ஹெர்ட்ஸ் அருகே நின்றுவிடும், சத்தமாக வைக்க முடியாது, சரியாகக் கேட்க ஒரு நாற்காலிக்குத்தான் இடம். பின்பக்கமும் அதே அளவு ஒலி போவதால் சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டர் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுப் பாஸ் இல்லை என்று புலம்புவது வழக்கமான தவறு.

இதைக் கொல்வது பெரும்பாலும் ஆம்ப்தான். உள்ளே போகக்கூடிய உச்ச அழுத்தம் 33 வோல்ட். 8 ஓமுக்கு 50 வாட் தரும் ஆம்ப் உச்சத்தில் 28 வோல்ட் தரும், பிரச்சினை இல்லை. 100 வாட் ஆம்ப் 40 வோல்ட் தரும். முழுதாகத் திருகிய ஒரு கணத்தில் ட்ரெபிள் பேனலில் பொறி பறந்து படலத்தில் ஓட்டை விழும். எல்லை 68 வாட்டை ஒட்டி. இரண்டாவது சிக்கல், இதன் தடை ட்ரெபிளில் 2 ஓமுக்கும் கீழே இறங்கும், அதுவும் கேபாசிட்டர் போன்ற சுமை. சில டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் இதைப் பார்த்ததும் தாமாகவே அதிர்வலை உண்டாக்கத் தொடங்கி எரியும். குவாட்டின் சொந்த 15 வாட் வால்வு ஆம்பும், பின்னால் வந்த 45 வாட் 303-உம் இதோடு ஒத்துப்போகும்.

வாங்கும்போது மின்சாரம் கொடுத்து ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, ஒரே மோனோ பதிவை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்று சத்தம் குறைவு என்றால் உயரழுத்தப் பகுதி தளர்ந்திருக்கும், அல்லது படலத்தின் மேல்பூச்சு போயிருக்கும். அவ்வப்போது ‘டிக்’, இடைவிடாத ‘ஸ்ஸ்’ வந்தால் எங்கோ மின்கசிவு. தூசித் தடுப்புப் படலம் கிழிந்தால் தூசி உள்ளே போய் இதைத் தொடங்கிவைக்கும். சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை ஈரம் அதை விரைவுபடுத்தும். வோல்டேஜ் தேர்வு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், வேறு நாட்டிலிருந்து வந்திருக்கலாம். பின்மூடியைக் கழற்றும் வேலை, உயரழுத்தத்தில் பழக்கமுள்ளவர்களுக்கு மட்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் வெகுநேரம் நிற்கும். 1981-இல் வந்த இஎஸ்எல்-63-இல் பாதுகாப்புச் சுற்று உண்டு, ஆம்ப் பயம் குறைவு. ஆனால் அதன் பேனல்களின் பசை விட்டுப்போவது தெரிந்த வியாதி. பேனல்களைக் கழற்றி ஒட்டாத ஜோடி என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எல்எஸ்3/5ஏ-வின் கதை நேர்மாறு. ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க பிபிசி பொறியாளர்கள் 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்த சிறு பெட்டி. உள்ளளவு 5 லிட்டர் அளவுதான். ரோஜர்ஸ், ஸ்பென்டோர், சார்ட்வெல், ஹார்பெத் எனப் பல நிறுவனங்கள் உரிமம் வாங்கிச் செய்தன. கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர் (தாழ்சுர யூனிட்), டி27 ட்வீட்டர், 12 மி.மீ. பிர்ச் பிளைவுட். இதன் மதிப்பே பொருத்தப்பாட்டில் இருக்கிறது: யூனிட்டுகளை அளந்து, கிராஸ்ஓவரிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் கிளைகளை அதற்கேற்ப மாற்றிச் சால்டர் வைத்து, ஒவ்வொன்றையும் மாதிரிப் பெட்டிக்கு நிகராக்கினார்கள். ஆகவே ஒரு ட்வீட்டரை மட்டும் எங்கிருந்தோ வாங்கிப் பொருத்திய ஜோடிக்குப் பெயர் எல்எஸ்3/5ஏ, ஒலி வேறு. வரிசை எண்கள் ஜோடியாக இருக்க வேண்டும். ட்வீட்டரைச் சுற்றிய கம்பளித் துண்டுகள் இருக்கின்றனவா, கிரில் துணி பழையதா, 15 ஓம் வகையா 1980களின் பிற்பகுதியில் வந்த 11 ஓம் வகையா என்று பாருங்கள். இந்த இரு வகைகளின் கிராஸ்ஓவரும் வூஃபரும் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடாதவை. போலிகள் ஏராளம், புதுக் கள்ளப் பெட்டியில் பெயர்த்தகடு மட்டும் மின்னும். இதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் எதிர்பார்க்காதீர்கள், 25 வாட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். சிறிய அறையில் அருகில் உட்கார்ந்து குரல் கேட்க அருமை. இன்று கேட்கும் விலையில் பெரும்பங்கு சேகரிப்பாளர் போட்டி என்பது என் கணிப்பு.

ஏஆர்-3ஏ-வைப் பழுதுபார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்குப் பரிந்துரைப்பேன். மாசசூசெட்ஸில் எட்கர் வில்ச்சூர் 1954-இல் ஏஆர்-1 மூலம் கொண்டுவந்த யோசனை: பெட்டியைக் காற்றுப்புகாமல் அடைத்து, உள்ளிருக்கும் காற்றையே வூஃபருக்கு ஸ்பிரிங் ஆக்குவது. அதனால் 12 அங்குல வூஃபர் சின்னப் பெட்டியில் 40 ஹெர்ட்ஸை ஒட்டிச் சுத்தமாக இறங்கியது. ஒரு நால்வர் தந்திக் குழுவை மேடையில் வாசிக்க வைத்து, இடையில் பதிவுக்கு மாற்றி, எது எது என்று பார்வையாளரைக் கேட்டு நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். 3ஏ வந்தது 1967-இல். அதில் இன்று பார்க்க வேண்டியவை மூன்று. பின்பக்கக் கன்ட்ரோல்கள் உள்ளே பச்சையாகப் பாசி பிடித்தாற்போல் அரித்துத் தொடர்பு அறும். ‘ட்வீட்டர் செத்தது’ என்று விற்கும் ஜோடியில் பாதிக்குக் காரணம் இதுவாக இருக்கும். கழற்றி, நயமான உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய சிலிக்கான் கிரீஸ் தடவினால் உயிர் வரும். அடுத்து, ட்வீட்டரின் முடிபோன்ற கம்பி முன்பக்கம் வெளியே தெரியும். தூசி தட்டும் துணி பட்டே அறுந்துவிடும், அங்கே கையே போகக்கூடாது. மூன்றாவது கசிவு: வூஃபரை இரு கைவிரல்களால் சமமாக உள்ளே அழுத்தி விட்டால் அது சோம்பலாக, ஓரிரு நொடியில் திரும்ப வேண்டும். டப்பென்று திரும்பினால் காற்று எங்கோ போகிறது: புட்டி, விளிம்பு, அல்லது நடுவிலுள்ள தூசிமூடி.

ஜேபிஎல் எல்100 (1970) கதையில் ஒரு விசித்திரம். இதன் 12 அங்குல வெள்ளைக் கோன் வூஃபருக்குக் கிராஸ்ஓவரே இல்லை. ஆம்பிலிருந்து நேராகப் போகிறது. மேலே எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கோனின் எடையும் காகிதமும் தீர்மானிக்கின்றன. மிட்டுக்கு (நடுச்சுர யூனிட்) 8 மைக்ரோஃபாரட், ட்வீட்டருக்கு 3 மைக்ரோஃபாரட், அளவு திருக இரண்டு கன்ட்ரோல், அவ்வளவுதான். எனவே ‘ரீகோன் செய்தாயிற்று’ (புதுக் கோன் போட்டாயிற்று) என்று விற்பவர் எந்தக் கோன் போட்டார் என்பதே முழுக் கேள்வி. வேறு காகிதம் என்றால் மிட் பகுதியே வேறாகிவிடும். நல்ல செய்தி, இந்த வூஃபரின் விளிம்பு துணி, அழுகுவதில்லை. முன்னால் இருக்கும் செதுக்கிய ஃபோம் கிரில் மட்டும் பொடியாகும். இன்னொன்று: அந்தக்கால ஜேபிஎல்லில் சிவப்பு முனையில் ப்ளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், மற்ற நிறுவனங்களுக்கு நேர் எதிர். சப்வூஃபரோடோ வேறு பிராண்டு யூனிட்டோடோ சேர்த்தால் பாஸ் காணாமல் போகும். கம்பியை மாற்றிக் கொடுங்கள்.

யமஹா என்எஸ்-1000எம் (1974) பற்றி ஒரே எச்சரிக்கை. மிட், ட்வீட்டர் இரண்டிலும் ஒலி எழுப்பும் குமிழ் வடிவப் படலம் பெரிலியம் என்ற உலோகம். உடைந்தால் மாற்றுக் குமிழ் கிடைப்பது கஷ்டம். உடைந்த துகள் நுரையீரலுக்கு விஷம், பெருக்கவோ ஊதவோ கூடாது. முன்னுள்ள கம்பிவலை நசுங்கியிருந்தால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், சந்தேகமானால் விட்டுவிடுங்கள். வூஃபரின் துணி விளிம்பு கல்லாகி பாஸ் குறைவது இதன் வயசுக்கோளாறு. பிரேக் ஆயிலைத் துளித்துளியாகத் தடவி இளக்கும் வித்தையைப் பலர் செய்கிறார்கள். அது வேலை செய்யும். அளவு தப்பினால் எண்ணெய் கோனின் காகிதத்துக்குள் ஊறும், திரும்ப எடுக்க முடியாது. விளிம்பின் பின்பக்கத்தில் மட்டும், மெல்லிய தூரிகையால், ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டிய வேலை.

இன்னும் இரண்டு பெயர்கள்: டானாய் நிறுவனத்தின் மானிட்டர் கோல்டுக்குப் பிறகு 1974-இல் வந்த ஹெச்பிடி வகைக்கு ஃபோம் விளிம்பு, கட்டாயம் மாற்றியிருக்க வேண்டும். ஜேபிஎல் 4343-இன் 15 அங்குல வூஃபருக்கும் அதே விதி.

விற்பவர் வீட்டுக்குப் போகும்போது மல்டிமீட்டர், டார்ச், ஸ்குரூடிரைவர், சைன் டோன் ஆப் உள்ள போன், ஒரு மோனோ குரல் பதிவு போதும். யூனிட்டின் முனைகளில் தனியாக அளந்தால் 8 ஓம் யூனிட் 5.5 முதல் 7 ஓம் வரையும், 4 ஓம் யூனிட் 3 முதல் 3.5 வரையும் காட்டும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே முக்கியம். பிறகு மெதுவான சத்தத்தில் 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை டோனை ஏற்றுங்கள். கரகரப்பு ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வந்தால் பெட்டியிலோ கிரில்லிலோ ஏதோ தளர்வு. எல்லா இடத்திலும் வந்தால் சுருள் உரசுகிறது. மோனோ குரலைப் போட்டால் இரண்டுக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தாலோ, ‘ஸ’, ‘ச’ ஒலிகள் மட்டும் வேறு இடத்தில் கேட்டாலோ ஒரு ட்வீட்டர் தளர்ந்திருக்கிறது. அதன் தடை மீட்டரில் சரியாகவே காட்டலாம். அப்படியானால் சந்தேகம் காய்ந்துபோன ஃபெரோஃப்ளூயிட் மீதும் கேபாசிட்டர் மீதும். ஸ்குரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்; ஏன் என்று கேளுங்கள், வூஃபர் ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதியும் கேளுங்கள். மறுப்பவரிடம் பேரம் பேச வேண்டாம்.

ஃபோம் ஏன் அழுகுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சில ஏமாற்றுகளிலிருந்து தப்பலாம். அது பாலியூரிதேன், அதன் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் அறுக்கிறது. பாட்டாலும் பாடாவிட்டாலும் 15, 20 வருடத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும். ‘பயன்படுத்தவே இல்லை, புத்தம் புதிது போல’ என்ற விளம்பரத்துக்கு இதில் பொருளில்லை.

மாற்றும் வேலை கடினமல்ல, பொறுமை வேண்டியது. புது விளிம்பை வாங்கும் முன் நான்கு அளவு எடுங்கள்: சட்டத்தின் உள்விட்டம், விளிம்பின் வெளிவிட்டம், கோனின் வெளிவிட்டம், வளைவின் அகலம். ‘12 அங்குல ஃபோம்’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் தடிப்பு அதிகமுள்ளது வந்துவிடும். வூஃபரின் ஒத்ததிர்வு (அது இயல்பாக அதிரும் சுரம்) ஏறிப் பாஸ் போகும். கழற்றும்போது எந்தக் கம்பி எந்த முனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்து அட்டை வளையத்தை மெல்லிய கத்தியால் தூக்கி எடுத்து வையுங்கள், அது திரும்ப வேண்டும். கோனில் ஒட்டியுள்ள பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஊறவைத்துச் சுரண்டுங்கள். காகிதக் கோனில் அதிகம் நனைக்கக் கூடாது, தின்னர் ஆகவே ஆகாது. புது விளிம்பைக் கோனின் மேலே ஒட்டுவதா அடியில் ஒட்டுவதா என்பது பழையது எப்படி இருந்ததோ அப்படி. வெள்ளைப் பசை வகை காகிதத்துக்குப் போதும். விரலால் சுற்றிச் சுற்றி அழுத்தி, ஓர் இரவு உலர விடுங்கள்.

சட்டத்தில் ஒட்டுவதுதான் தவறு நடக்கும் இடம். சுருள் காந்த இடைவெளியின் நடுவில் நிற்க வேண்டும். உறுதியான வழி, நடுத் தூசிமூடியை வெட்டித் தூக்கி, சுருளுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே சம தடிமனுள்ள பிளாஸ்டிக் தாள்துண்டுகளை நான்கு பக்கமும் செருகிவிட்டு ஒட்டுவது. உலர்ந்த பிறகு உருவிவிட்டு மூடியை ஒட்டிவிடலாம். மூடியைத் தொட மனமில்லை என்றால், பசை ஈரமாக இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த அளவில் கொடுத்து, உரசல் சத்தம் அறவே நிற்கும் இடத்துக்குக் கோனை நகர்த்தி, கிளிப் போட்டு விடுங்கள். மூடி அகலமாக இருந்து, அதை மாற்றினால் ஒலியும் மாறும் வூஃபர்களுக்கு இரண்டாவது வழியே நல்லது. 24 மணி நேரம் கழித்து விரல்களால் சமமாக அழுத்திப் பாருங்கள். காதை அருகில் வைத்தால் சிறு கீறல்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் பிரித்து மறுபடியும்தான்.

கேபாசிட்டரில் இரு தவறுகள் சகஜம். ஒன்று, எதையும் அளக்காமல் எல்லாவற்றையும் விலையுயர்ந்த ஃபிலிம் வகையாக மாற்றுவது. ஃபிலிம் கேபாசிட்டரின் உள்தடை மிகக் குறைவு. வடிவமைத்தவர் எலெக்ட்ரோலிட்டிக்கின் உள்தடையையும் கணக்கில் வைத்துத்தான் காதுக்குச் சரிசெய்திருப்பார். மாற்றியதும் ட்வீட்டர் கூரை ஏறும். ட்ரெபிள் துருத்தினால் 0.2 முதல் 0.5 ஓம் வரை ஒரு வயர்வுண்ட் தடையைத் தொடராகச் சேர்த்துச் சரிக்கட்டலாம். இன்னொன்று, அளவு. ஏஆர்-3ஏ-வில் 150, 50, 6 மைக்ரோஃபாரட் என மூன்று இருக்கின்றன. 150-க்கு ஃபிலிம் தேடினால் பெட்டியில் இடம் போதாது, பணமும் வீண். புது நான்-போலார் (ப்ளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) எலெக்ட்ரோலிட்டிக் போதும், 6-க்கு மட்டும் ஃபிலிம் போடுங்கள். குறைந்தது 100 வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் கேட்கும்போது ‘நான்-போலார்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். சாதாரண போலார் வகை கிராஸ்ஓவரில் வீங்கிச் சாகும். கேபாசிட்டரை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்து, எழுதியுள்ளதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியதையும் உள்தடை ஏறியதையும் மாற்றினால் போதும். பழைய ஃபிலிம் கேபாசிட்டர்களும் காயில்களும் அப்படியே இருக்கட்டும். காயிலை ‘தடித்த கம்பி’யாக மேம்படுத்துவது வூஃபரின் சமநிலையையே மாற்றும். எப்போதும் இரு பெட்டியிலும் ஒன்றாகச் செய்யுங்கள்.

காய்ந்த ஃபெரோஃப்ளூயிட்டுக்கு, குமிழைத் திறக்கும்படி வடிவமைத்த ட்வீட்டராக இருந்தால் மட்டும் கை வைக்கலாம். இடைவெளியிலுள்ள கசடை மை ஒற்றும் காகிதத்தால் ஒற்றி எடுத்து, அந்த ட்வீட்டருக்குச் சொல்லப்பட்ட அதே குழைவுள்ள திரவத்தை அதே அளவு விட வேண்டும். அதிகமானால் மேலே ஏறி ஒட்டும்.

இதெல்லாம் செய்ய நேரமோ கையோ இல்லாதவருக்கு இன்று இன்னொரு வழி உண்டு. கிளிப்ஷ்ஹார்ன் இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. ஜேபிஎல் 2018-இல் எல்100 கிளாசிக்கைக் கொண்டுவந்தது. எல்எஸ்3/5ஏ-வைப் புதிதாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எல்100 கிளாசிக் உருவத்தில் பழையது, உள்ளே வேறு கிராஸ்ஓவர், வேறு யூனிட்டுகள். பழைய எல்100-இன் முரட்டு மிட்டைத் தேடுபவருக்கு ஏமாற்றமாகவும், சாதாரணமாகப் பாட்டுக் கேட்பவருக்கு நிம்மதியாகவும் இருக்கும்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய ஃபெரைட் காந்தம் வெறும் பசையில்தான் நிற்கிறது. பெட்டியைப் படுக்கப்போட்டு ஒரு குலுக்கல் குலுங்கினால் நகர்ந்து சுருளைக் கவ்விக்கொள்ளும். நெடுந்தூரம் என்றால் வூஃபர்களைக் கழற்றித் தனியாக, காந்தம் கீழே இருக்கும்படி பொதியுங்கள். திரும்பப் பொருத்தும்போது 180 டிகிரி திருப்பி வைத்தால், வருடக்கணக்கில் ஒரு பக்கமாகத் தொங்கிய கோன் மறுபக்கம் சமநிலைக்கு வரும். மாற்றிக் கழற்றிய பழைய கேபாசிட்டர், கன்ட்ரோல், கிரில் எதையும் எறியாமல் பெயர் எழுதிய பையில் போட்டு வைத்திருங்கள். நாளை விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.